ஓஸ்டர்டாக்: இறைச்சி ஆய்வு, மாட்டுக் காசநோய், வயிற்றுப் புழு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கு 'ஆஸ்டர்டேஜியா' என்ற புழுவின் பெயர் பழக்கம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த ஜெர்மானியப் பேராசிரியரைப் பற்றிக் கேட்டால் பலருக்கும் ஒரு வரிக்கு மேல் தெரியாது. அவரைப் பற்றியும் அவர் வேலையைப் பற்றியும் மாணவர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

யார் இந்த ஓஸ்டர்டாக்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ரோபெர்ட் ஃபொன் ஓஸ்டர்டாக் 1864 மார்ச் 24 அன்று தென்மேற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில், ஷ்வேபிஷ் க்முண்ட் என்ற ஊரில் பிறந்தார். ஷ்டுட்கார்ட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1891இல் பேராசிரியரானார். அடுத்த ஆண்டே பெர்லின் கல்லூரிக்குப் போனார். 1907இல் வகுப்பறையை விட்டு அரசுப் பணிக்கு மாறி, பேரரசின் சுகாதார அலுவலகத்தில் கால்நடைப் பிரிவுக்குத் தலைவரானார். முதல் உலகப் போருக்குப் பிறகு சொந்த வூர்ட்டம்பெர்க்குக்குத் திரும்பி அங்கே கால்நடை நிர்வாகத்தைக் கவனித்தார். 1940 அக்டோபர் 7 அன்று டூபிங்கனில் காலமானார்.

வேலையை மூன்றாகப் பிரிக்கலாம்: இறைச்சி ஆய்வு, மாட்டுக் காசநோய் ஒழிப்பு, மாட்டின் வயிற்றில் அவர் கண்ட புழு. முதலாவதுதான் மிகப் பெரியது. இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே பேசுகிறோம்.

பெயர் ஓஸ்டர்டாக்கா, ஆஸ்டர்டாக்கா? 'ஃபொன்' சில புத்தகங்களில் இருக்கிறது, சிலவற்றில் இல்லையே?

ஜெர்மன் உச்சரிப்பில் 'ஓஸ்டர்டாக்'. அந்த மொழியில் அதற்கு ஈஸ்டர் நாள் என்று பொருள். புழுவின் பெயரை நம் வகுப்பறைகளில் ஆங்கில வழியாகப் படிப்பதால் 'ஆஸ்டர்டேஜியா' ஆகிவிட்டது. 'ஃபொன்' பிற்காலத்தில் கிடைத்த மதிப்புப் பட்டம். அதனால் 1890களின் நூல்களில் வெறும் ஓஸ்டர்டாக் என்றுதான் இருக்கும். இருவரும் ஒருவரே.

இவருக்கு முன்னால் ஜெர்மனியில் யாரும் இறைச்சியைப் பரிசோதிக்கவே இல்லையா?

பரிசோதித்தார்கள், ஆனால் ஊருக்கு ஒரு விதமாக. 1860இல் டிரெஸ்டனில் ட்ஸெங்கர் என்ற மருத்துவர், பன்றி இறைச்சியில் இருக்கும் டிரைக்கினெல்லா புழு மனிதரைக் கொல்லும் என்று காட்டினார். 1865இல் ஹெடர்ஸ்லேபன் என்ற சிறிய ஊரில் பச்சைப் பன்றிக்கறி தின்றவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்று, 101 பேர் இறந்தார்கள். அதன் பிறகு நுண்ணோக்கியில் பன்றித் தசையைப் பார்க்கும் வழக்கம் பரவியது. உதரவிதானத்திலிருந்து சின்னஞ்சிறு துணுக்குகளை வெட்டி, இரண்டு தடித்த கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, திருகாணியால் நசுக்கி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்கிப் பார்ப்பார்கள்.

அன்றைய ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவில் 1868இல் பொது இறைச்சிக்கூடங்களுக்கான சட்டம் வந்தது. பெர்லினின் பெரிய கூடம் 1881இல் திறந்தது. இடம் கிடைத்தது, ஆட்களும் வந்தார்கள். ஆனால் கண்டதை வைத்து என்ன முடிவு எடுப்பது என்பதில் ஒற்றுமை இல்லை. ஒரே காசநோய்க் கட்டியைக் கண்டு ஓர் ஊரில் முழு மாட்டையும் புதைப்பார்கள், பக்கத்து ஊரில் கட்டியை மட்டும் சீவிவிட்டு விற்பார்கள்.

அப்படியானால் இவர் புதிதாகச் செய்தது என்ன?

முடிவெடுக்க ஓர் அடிப்படை கொடுத்தார். நோய் ஓர் உறுப்போடு நின்றதா, இரத்தம் வழியாக உடல் முழுக்கப் பரவியதா? இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நுரையீரலில் கட்டி, அதற்குரிய நிணநீர் முடிச்சிலும் கட்டி, வேறெங்கும் இல்லை என்றால் நோய் உள்ளூரிலேயே நிற்கிறது. அந்த உறுப்பை எடுத்துவிட்டால் மீதித் தசை உணவாகலாம். மண்ணீரல், சிறுநீரகம், தொடைத் தசையின் நிணநீர் முடிச்சுகள் என இரத்தம் மட்டுமே கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய இடங்களில் கட்டி இருந்தால் கதை வேறு. அதோடு மாடு நோயால் எலும்பும் தோலுமாகியிருந்தால் முழுவதும் தள்ள வேண்டும்.

இதைக் கருத்தாகச் சொல்லிவிட்டு நின்றுவிடவில்லை. ஒவ்வொரு நோய்க்கும் எந்த உறுப்பில் என்ன தெரியும், எதோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு, சட்டப்படி என்ன முடிவு என்று எழுதினார். 1892இல் வெளிவந்த அவருடைய இறைச்சி ஆய்வுக் கையேடு அட்டையிலேயே 'கால்நடை மருத்துவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் நீதிபதிகளுக்கும்' என்று சொல்லியது. நீதிபதி எதற்கு என்று கேட்கலாம். தள்ளப்பட்ட மாட்டின் சொந்தக்காரர் வழக்குப் போடுவார், கெட்ட இறைச்சி விற்ற வணிகர் கூண்டில் நிற்பார். அங்கே ஆய்வாளரின் சொல் நிற்க வேண்டுமென்றால் எல்லாரும் ஒரே நூலைப் படித்திருக்க வேண்டும். 1890இலேயே இறைச்சி, பால் சுகாதாரத்துக்கென்று ஒரு தனி இதழையும் அவர் தொடங்கியிருந்தார்.

ஒரு மாட்டை அறுத்த பிறகு எங்கெங்கே வெட்டிப் பார்ப்பார்கள்?

உயிரோடு இருக்கும்போதே ஆய்வு தொடங்கிவிடும். நடை, மூச்சு, காய்ச்சல், மூக்கு வாய் ஒழுகல், மடி, சாணம் எல்லாம் பார்க்க வேண்டும். வெறிநோய், நரம்பு நோய் போன்றவை அறுத்தபின் கண்ணுக்குத் தெரியாது. ஆந்த்ராக்ஸ் (அடைப்பான்) சந்தேகம் உள்ள மாட்டை அறுக்கவே கூடாது. உடலைத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி, தரையிலும் மண்ணிலும் பல ஆண்டுகள் கிடக்கும்.

அறுத்தபின் தலையில் தாடைக்கு அடியிலும் தொண்டைக்குப் பின்னாலும் உள்ள நிணநீர் முடிச்சுகளைக் கீறுவார்கள். கன்னத் தசையில் தாடை எலும்புக்கு இணையாக நீள வெட்டுகள், நாக்கைத் தடவிப் பார்த்தல் அடுத்து வரும். நுரையீரலை அழுத்திப் பார்த்து, மூச்சுக்குழல் பிரியும் இடத்து முடிச்சுகளையும் நடுமார்பு முடிச்சுகளையும் கீறுவார்கள். இதயத்தைத் திறப்பார்கள். ஈரலில் வயிற்றைப் பார்த்த பக்கம் வெட்டிப் பித்தக் குழாயைத் திறந்தால் தட்டைப்புழு தெரியும். மண்ணீரல் வீங்கியிருந்தால் ஆந்த்ராக்ஸாக இருக்கலாம், உடனே கை நிற்க வேண்டும். குடல் சவ்வின் முடிச்சுகள், சிறுநீரகம், கருப்பை, மடி, மடிக்கு மேலுள்ள முடிச்சு என்று போகும்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது உறுப்பு மாறிப்போவது. இந்த மாட்டின் ஈரலை அந்த மாட்டின் உடலோடு சேர்த்துப் பார்த்தால் முழு ஆய்வும் வீண். முடிவு சொல்லும்வரை எல்லா உறுப்பும் அதனதன் உடலருகே இருக்க வேண்டும் என்பது அதற்காகத்தான். இரண்டாவது கத்தி. சீழ்க்கட்டியைக் கீறிய கத்தியோடு அடுத்த தசையைத் தொட்டால் ஆய்வாளரே கிருமியைப் பரப்புகிறார். மாற்றுக் கத்தி கையில் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

நோய் என்று தெரிந்தால் மொத்தமாகத் தூக்கி எறிவதுதானே பாதுகாப்பு?

கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் நடைமுறையில் எதிர்மாறாக முடியும். சிறிய கட்டிக்கும் முழு மாடும் போய்விடும் என்றால் விவசாயி அந்த மாட்டை இறைச்சிக்கூடத்துக்கே ஓட்டிவர மாட்டார். இரவில் தொழுவத்தில் அறுத்து, யாரும் பார்க்காமல் விற்றுவிடுவார். கடுமையான விதி ஆபத்தான இறைச்சியைக் கண்காணிப்புக்கு வெளியே தள்ளும். தசைப் புரதத்துக்கு ஏங்கும் ஏழைத் தொழிலாளர்கள் நகரங்களில் இருந்த காலம் அது என்பதையும் மறக்கக் கூடாது.

அதனால் ஜெர்மானிய முறையில் தகுதி உள்ளது, மதிப்புக் குறைந்தது, நிபந்தனையோடு தகுதி உள்ளது, தகுதியற்றது என்று படிகள் வைத்தார்கள். முத்திரையின் வடிவமே சொல்லிவிடும்: தகுதி உள்ளதற்கு வட்டம், நிபந்தனை உள்ளதற்குச் சதுரம், தகுதியற்றதற்கு முக்கோணம். நடுப் படிகளில் வருபவற்றை 'ஃப்ரைபாங்க்' என்ற தனி விற்பனை இடத்தில், குறையை வெளிப்படையாகச் சொல்லி, குறைந்த விலைக்கு விற்றார்கள். வேகவைக்க வேண்டியதை வேகவைத்த பிறகே கொடுத்தார்கள். வாங்குபவருக்கு உண்மை தெரியும், விற்பவருக்கு ஓரளவு பணம் கிடைக்கும், ஒளித்து அறுக்கக் காரணம் குறையும். எங்கள் பார்வையில் ஓஸ்டர்டாக் காலத்து முறையின் மிக மனிதத்தன்மையான பகுதி இதுதான்.

நாடாப்புழு நீர்ப்பை இருக்கும் மாட்டிறைச்சியைக் குளிரில் வைத்தால் சரியாகிவிடுமா? அதென்ன 21 நாள் கணக்கு?

மாட்டுத் தசையில் பட்டாணி அளவுக்கும் சிறிய நீர்ப்பைகள் இருக்கும். அதைச் சரியாக வேகாமல் தின்றவர் குடலில் நாடாப்புழு வளரும். கன்னத் தசை, இதயம், நாக்கு, உதரவிதானம் ஆகியவற்றில் அதிகம் தங்கும். முன் கேள்வியில் சொன்ன கன்ன வெட்டு இதற்காகவே. அறுத்து மூன்று வாரம் குளிரறையில் தொங்கவிட்ட இறைச்சியில் மாட்டு நீர்ப்பைகள் செத்துவிடுகின்றன என்பதை ஓஸ்டர்டாக் சோதனையில் காட்டினார். அதன்படி, நீர்ப்பை மிகக் குறைவாக உள்ள மாட்டை 21 நாள் குளிரில் வைத்து விடுவிக்கலாம் என்ற விதி வந்தது.

உப்பிலும் போடலாம். ஒரு துண்டு 2.5 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது, 100 பங்கு தண்ணீருக்கு 25 பங்கு உப்பு, மூன்று வாரம். துண்டு பெரிதானால் உப்பு நடுவரை போகாது, அங்கேதான் நீர்ப்பை பிழைக்கும். வேகவைத்தால் மாட்டுக்கறி உள்ளே முழுக்கச் சாம்பல் நிறமாக வேண்டும், வெட்டினால் சிவந்த சாறு வரக் கூடாது. இன்று வழக்கம் உறையவைப்பது: மைனஸ் 10 டிகிரியில் குறைந்தது 10 நாள். பன்றிக்கு அந்தக் குளிரறைச் சலுகை கிடையாது. பன்றி நீர்ப்பை சாதாரணக் குளிரில் இன்னும் நீண்ட நாள் உயிரோடிருக்கும். அந்தப் புழுவின் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் நீர்ப்பை மூளையிலும் வளரலாம்.

1900 சட்டத்தை எழுதியது இவர்தானா?

ஒரு சட்டத்தை ஒருவர் எழுதியதாகச் சொல்வது சரியாகாது. 1900 ஜூன் 3 தேதியிட்ட ஜெர்மானிய இறைச்சி ஆய்வுச் சட்டம் 1903 ஏப்ரல் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் தீர்ப்பு விதிகளைப் படித்தால், மேலே சொன்ன உள்ளூர் நோய், பரவிய நோய் என்ற சிந்தனை வரிக்கு வரி தெரியும். அறுப்புக்கு முன்னும் பின்னும் ஆய்வு கட்டாயம் ஆனது. சொந்த வீட்டு உணவுக்காக அறுக்கும், நோய் அறிகுறி இல்லாத விலங்குக்கு விலக்கு கொடுத்தார்கள். டின்னில் அடைத்த இறைச்சியும் தொத்திறைச்சியும் வெளிநாட்டிலிருந்து வருவதைத் தடுத்தார்கள். உள்ளே என்ன உறுப்பு, எந்த மாடு என்று அதில் யாரும் பார்க்க முடியாது.

கிராமம்தோறும் கால்நடை மருத்துவர் கிடைக்கவில்லை. பயிற்சி பெற்ற, மருத்துவர் அல்லாத ஆய்வாளர்களையும் சட்டம் ஏற்றது. எளிய நிலைகளில் அவர்கள் முடிவு சொல்வார்கள், சிக்கலானதை மருத்துவரிடம் அனுப்புவார்கள். அவர்களுக்கென்று ஓஸ்டர்டாக் எளிய வழிகாட்டி ஒன்றும் எழுதினார். எது தன் எல்லைக்கு வெளியே என்று தெரிந்துகொள்வதே அந்தப் பயிற்சியின் உயிர்நாடி.

அவசரமாக அறுத்த மாட்டின் இறைச்சிக்கு ஏன் தனி பயம்?

கன்று ஈன்று கருப்பை அழுகிய பசு, மடிவீக்கம் முற்றிய பசு, கழிச்சலில் விழுந்த கன்று. இவை சாவதற்குள் கத்தி வைத்துக் காசாக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் இருந்தது. இப்படிப்பட்ட மாட்டில் கிருமி ஏற்கெனவே இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தசை பார்க்க நன்றாக இருக்கும், நாற்றம் இருக்காது. 1888இல் ஃப்ராங்கன்ஹவுசன் என்ற ஊரில் அப்படி அறுத்த மாட்டுக்கறியைத் தின்று பலர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். ஆகஸ்ட் கேர்ட்னர் என்ற ஜெர்மானியக் கிருமி ஆய்வாளர் அந்த இறைச்சியிலும் இறந்தவர் உடலிலும் ஒரே பாக்டீரியாவைப் பிரித்தார். இன்று அது சால்மொனெல்லா பேரினத்தில் இருக்கிறது.

கண்ணும் கத்தியும் போதாத இடம் இது. இதற்குப் பதிலாகவே தசையிலிருந்தும் உறுப்புகளிலிருந்தும் கிருமி வளர்ப்புச் சோதனை செய்யும் முறை இறைச்சி ஆய்வுக்குள் வந்தது. முடிவு வரும்வரை உடல் குளிரறையில் நிற்க வேண்டும், கடைக்குப் போகக் கூடாது.

காசநோய்க்கு 'ஓஸ்டர்டாக் முறை' என்கிறார்களே, அது என்ன?

பால் தரும் மந்தையிலிருந்து காசநோயை ஒழிக்கும் முறை. மந்தையில் உள்ள எல்லா மாட்டையும் ஒழுங்காக உடல் பரிசோதனை செய்வார்கள். இருமல், மெலிவு, மடியில் வலியில்லாத கெட்டி வீக்கம், கருப்பை ஒழுக்கு, தீராத கழிச்சல் இருப்பவை சந்தேக மாடுகள். அவற்றின் சளி, பால், கருப்பைக் கசிவு, சாணம் ஆகியவற்றை ஆய்வகத்துக்கு அனுப்பி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் அதைக் கினிப்பன்றிக்கு ஊசியில் செலுத்தி நோய் வருகிறதா என்று பார்ப்பார்கள். கிருமியை வெளியே கொட்டும் மாட்டைத்தான் 'திறந்த காசநோய்' என்றார்கள். அதை உடனே அறுப்புக்கு அனுப்ப வேண்டும். கன்றுகளுக்குச் சீம்பாலுக்குப் பிறகு சூடாக்கிய பாலோ, நோயற்ற பசுவின் பாலோ மட்டும்.

அதே காலத்தில் டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் என்ற கால்நடை மருத்துவர் வேறு வழி சொன்னார். எல்லா மாட்டுக்கும் ட்யூபர்குலின் (காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த சோதனை ஊசி) போட்டு, எதிர்வினை காட்டியவற்றைத் தனித் தொழுவத்தில், தனி ஆளோடு பிரிக்க வேண்டும். ஜெர்மனியின் பெரிய மந்தைகள் பலவற்றில் பாதிக்கு மேல் எதிர்வினை காட்டினால் யாரை எங்கே பிரிப்பது? அந்தக் கேள்விக்கு ஓஸ்டர்டாக்கின் பதில், முதலில் கிருமி கொட்டுபவற்றையாவது வெளியேற்று என்பது. விவசாயிக்குத் தாங்கும் செலவில் இருந்ததால் பரவலாக ஏற்கப்பட்டது.

மாட்டுக் காசநோய் மனிதருக்கு ஆபத்தில்லை என்று கோக்கே சொல்லிவிட்டாரே?

ஆம், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ரோபெர்ட் கோக் 1901இல் லண்டன் மாநாட்டில் அப்படித்தான் சொன்னார். அவ்வளவு பெரிய பெயர் சொன்னதால் பால் சுகாதாரத்துக்காகப் போராடியவர்கள் தடுமாறினார்கள். பிரிட்டன் அதே ஆண்டு ஓர் அரச ஆணையம் அமைத்தது. அது 1911வரை ஆராய்ந்து, மாட்டு வகைக் கிருமி மனிதரை, குறிப்பாகப் பால் குடிக்கும் குழந்தைகளின் கழுத்து முடிச்சுகளையும் குடலையும் தாக்குகிறது என்று உறுதி செய்தது. மடிக் காசநோயைத் தேடிப்பிடிக்கும் வேலைக்கு அர்த்தம் இருந்தது.

அந்த முறையால் காசநோய் ஒழிந்ததா?

இல்லை, இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நோய் உள்ளே இருந்தும் வெளியே தெரியாத மாடு மாதக்கணக்கில் இருக்கும். கிருமி சில நாள் வெளிவரும், சில நாள் வராது. பரிசோதனைக்கு வந்த நாளில் சுத்தமாகத் தெரிந்த மாடு அடுத்த மாதம் பக்கத்து மாட்டுக்குப் பரப்பும். ஒன்றை எடுக்க ஒன்று முளைக்கும். மிக மோசமான பரப்பிகள் குறைந்தன, பால் பாதுகாப்பானது, ஆனால் மந்தை தூய்மை அடையவில்லை. ஜெர்மனியில் ஒழிப்பு உண்மையில் நடந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின், ட்யூபர்குலின் எதிர்வினை காட்டிய எல்லா மாட்டையும் நீக்கியபோதுதான்.

புழுவுக்கு அவர் தன் பெயரையே வைத்துக்கொண்டாரா?

இல்லை. மாட்டின் நான்காம் வயிற்றில் கண்ட மெல்லிய புழுவை அவர் 1890இல் 'ஸ்ட்ராஞ்சிலஸ் கான்வொலூட்டஸ்' என்றே விவரித்தார். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு புழுவுக்குப் போயிருந்ததால் விதிப்படி செல்லாது. 1892இல் அமெரிக்கரான ஸ்டைல்ஸ் அதற்கு ஓஸ்டர்டாக் பெயரால் இனப்பெயர் கொடுத்தார். 1907இல் ரான்சம் என்ற இன்னொரு அமெரிக்க ஆய்வாளர் பேரினத்துக்கும் அதையே வைத்தார். அதனால்தான் 'ஆஸ்டர்டேஜியா ஆஸ்டர்டாகி' என்று ஒரே பெயர் இரண்டு முறை வருகிறது.

அந்தப் புழு மாட்டுக்கு என்ன செய்கிறது?

பழுப்பு நிறத்தில் மயிர் போல இருக்கும், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. புல்லோடு உள்ளே போன லார்வா, அமிலம் சுரக்கும் சுரப்பிகளுக்குள் நுழைந்து வளர்கிறது. ஏறத்தாழ மூன்று வாரத்தில் வளர்ந்து வெளிவரும்போது அந்தச் சுரப்பி கொப்புளம்போல உப்பிவிடும். அமிலச் செல்கள் போய், வேலை தெரியாத இளம் செல்கள் வரும். வயிற்றின் pH அளவு 2இலிருந்து 7 வரை ஏறும், அதாவது அமிலத்தன்மை போய்விடும். அமிலம் இல்லாமல் பெப்சினோஜன், புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதியாக மாறாது, புரதம் செரிக்காது, இரத்தப் புரதமும் வயிற்றுக்குள் கசியும். பசியின்மை, பச்சைக் கழிச்சல், மெலிவு எல்லாம் அதன் விளைவு. வயிற்றுச் சுவர் பதனிட்ட மொரோக்கோ தோல்போலச் சொரசொரப்பாகும்.

குளிர்நாடுகளில் இரண்டு வடிவம் பார்ப்பார்கள். முதல் வகை, முதன்முறை மேய்ச்சலுக்குப் போன கன்றுகளில் கோடையில் வருவது. பல கன்றுகளுக்கு வரும், மருந்து கொடுத்தால் தேறும். இரண்டாம் வகை, இலையுதிர்காலத்தில் உள்ளே போன லார்வாக்கள் வளர்ச்சியை நிறுத்திச் சுரப்பிகளில் மாதக்கணக்கில் தூங்கி, குளிர்காலக் கடைசியில் ஒரேயடியாக விழிப்பது. சில மாடுகளுக்கே வரும், ஆனால் சாவு அதிகம், தாடைக்குக் கீழே நீர் கோக்கும். அப்போது சாணத்தில் முட்டை இல்லாமலும் போகலாம். முட்டை இல்லை, புழு இல்லை என்று முடிவு கட்டினால் மாடு போய்விடும். இரத்தத்தில் பெப்சினோஜன் அளவைப் பார்ப்பது அதற்காக. தூங்கும் லார்வாவைக் கொல்லாத பழைய மருந்துகளும் அங்கே பயன்படாது.

நம் ஊர் மாட்டுக்கு ஆஸ்டர்டேஜியா வருமா?

அதன் முட்டையும் லார்வாவும் குளிர்ந்த ஈரத்தை விரும்புபவை. தமிழ்நாட்டுச் சமவெளியின் வெயிலில் பெரும்பாலும் நிலைக்காது. நம் ஆடுகளின் நான்காம் வயிற்றில் கால்நடை மருத்துவர் வழக்கமாகப் பார்ப்பது இரத்தம் குடிக்கும் ஹீமான்கஸ் என்ற புழு. அதில் கழிச்சலைவிடக் கண்ணிமை உள்பக்கம் வெளுத்துப்போவதே முதல் அடையாளம். இரண்டிலும் தாடை வீக்கம் வருவதால் குழப்பம் ஏற்படும். கண்ணைத் திருப்பிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஐரோப்பாவில் இப்போது பன்றிகளைக் கத்தி வைக்காமல் கண்ணால் மட்டும் பார்க்கிறார்களாமே? அப்படியானால் ஓஸ்டர்டாக் முறை தவறா?

2014 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பன்றிகளுக்குப் பொதுவாகக் கண்பார்வை ஆய்வே விதி. சந்தேகம் வந்தால் மட்டும் தடவி, கீறிப் பார்ப்பார்கள். ஓஸ்டர்டாக் தேடியது காசநோய்க் கட்டி, நீர்ப்பை, சீழ் போன்ற கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களை. இன்று அந்தப் பன்றிப் பண்ணைகளில் அவை அரிது. மனிதரை நோயாக்குபவை சால்மொனெல்லா, யெர்சினியா, கேம்பிலோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள். ஆரோக்கியமாகத் தெரியும் பன்றியின் தொண்டையிலும் குடலிலும் இவை இருக்கும், எந்த அடையாளமும் விடாது. ஒவ்வொரு தலையிலும் முடிச்சைக் கீறினால் அந்தக் கத்தியே கிருமியை அடுத்த உடலுக்குக் கொண்டுபோகும். முன்பு சொன்ன கத்திப் பிரச்சினைதான், பெரிய அளவில்.

எனவே தவறு என்று சொல்ல மாட்டோம். நாட்டில் எந்த நோய் இருக்கிறதோ அதற்கேற்ற வெட்டு. மாட்டுக் காசநோயும் நாடாப்புழு நீர்ப்பையும் இன்னும் புழங்கும் நாட்டில், ஐரோப்பாவைப் பார்த்து வெட்டுகளைக் கைவிட்டால் நோயைப் பார்க்கும் கண்ணையே மூடிக்கொள்வதாகும். அங்கே தாடை வெட்டும் நுரையீரல் முடிச்சு வெட்டும் கட்டாயம் தொடர வேண்டும்.

இன்று ஜெர்மனியில் அவர் பெயர் எங்கே இருக்கிறது?

பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ வளாகம் இருக்கும் ட்யூப்பல் பகுதியில் ஒரு தெரு அவர் பெயரில் இருக்கிறது. ஜெர்மானியக் கால்நடை மருத்துவர் கூட்டமைப்பு வழங்கும் கௌரவப் பட்டயத்துக்கும் அவர் பெயர்தான்.